மின்சாரக் காரும் பங்கின் கணக்குப் புத்தகமும்

கனடாவில் பிள்ளைகளைக் குடியமர்த்திவிட்டுத் தமிழகத்தில் தனித்திருக்கும் பெற்றோர் சிலர் எனக்கு ஒரே வகையான கேள்வியை எழுதி வருகின்றனர். “மகன் மின்சாரக் கார் வாங்கப் போகிறானாம். விலை மிக அதிகமாய்த் தோன்றுகிறது. பெட்ரோல் செலவே இல்லையாதலால் இரண்டே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறான். உண்மைதானா, சாமி?” என்று ஒரு தாய் கேட்டிருந்தார். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் விடை எழுத இயலாது. எனினும் விரிவாக எழுத எனக்கு ஒரு வாய்ப்பு அமைந்துள்ளது. சென்ற குளிர்காலத்தில் எங்கள் பங்கிலேயே இக்கணக்கை நான்கு மாலைகள் அமர்ந்து போட்டுப் பார்த்தோம்.

நான் பணிபுரிவது ஒன்டாரியோ மாநிலத்தின் வடபுறத்தில், டிம்மின்ஸ் நகரைச் சார்ந்த சுரங்கப் பகுதியில். எனக்கு மூன்று கோவில்கள். ஞாயிறு திருப்பலிகள், நோயாளர் சந்திப்பு, அடக்கச் சடங்கு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கிறது. பங்கின் பழைய கார் 2,90,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. புதிது வாங்க வேண்டிய பணமோ, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளரும் கைம்பெண்களும் ஞாயிறுதோறும் உறையில் இட்டுத் தரும் காணிக்கை. இரண்டாவது கோவிலின் கூரை ஒழுகுகிறது. காருக்கு மிகையாய்ப் போகும் ஒவ்வொரு டாலரும் அக்கூரையிலிருந்து பிடுங்கப்பட்டதாகும் என்பதை எவரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

முதலில் விலையைப் பார்ப்போம். ஒன்டாரியோவில் கார் விற்பனையாளர் விளம்பரப்படுத்தும் விலையில் வண்டியைக் கொண்டுவரும் கட்டணம், ஆயத்தக் கட்டணம், குளிர்சாதனத்திற்கான 100 டாலர் வரி ஆகிய யாவும் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். விற்பனை வரியும் பதிவுச் செலவும் மட்டுமே வெளியே நிற்கலாம். அந்த விற்பனை வரி நூற்றுக்குப் 13. எங்களுக்கு ஏற்றதாய்க் கண்ட மின்சாரக் காரின் விலை 50,000 டாலர், வரியுடன் 56,500. அதே அளவுள்ள பெட்ரோல் காரின் விலை 38,000, வரியுடன் 42,940. ஆகத் தொடக்கத்திலேயே 13,560 டாலர் வேறுபாடு.

பங்கு கடன் வாங்காது. ஆனால் உங்கள் மகன் வாங்குவான். 50,000 டாலரை ஆறு ஆண்டுத் தவணையில் நூற்றுக்கு 6 வட்டிக்குப் பெற்றால் மாதம் ஏறத்தாழ 829 டாலர் கட்டவேண்டும். முடிவில் வட்டி மட்டும் 9,660 டாலர் வரை ஆகியிருக்கும். இளைஞர் பலர் மாதத் தவணையைக் கேட்கின்றனரேயன்றி மொத்தத்தைக் கேட்பதில்லை.

அரசு உதவித்தொகையை நம்பி இறங்குவோரும் உண்டு. ஒன்டாரியோ மாநிலம் ஒருகாலத்தில் 14,000 டாலர் வரை வழங்கியது. 2018 ஜூலையில் ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டது. நடுவண் அரசு 2019 மே முதல் 5,000 டாலர் வரை தந்தது. ஒதுக்கிய பணம் தீர்ந்ததால் 2025 ஜனவரியில் அத்திட்டமும் நின்றது. கியூபெக் மாநிலமோ 2024இல் 7,000 தந்ததை 2025இல் 4,000 ஆகவும் 2026இல் 2,000 ஆகவும் குறைத்துக்கொண்டே வந்தது. ஆதலின் உதவித்தொகையை மழையைப்போல் கருதவேண்டும். வாங்கும் நாளில் பெய்தால் நனைந்துகொள்ளலாம். அதை நம்பி முன்கூட்டியே விதைத்துவிடலாகாது.

இனி, விளம்பரம் சொல்லாத செலவுக்கு வருவோம். மின்சாரக் காரைச் சாதாரணச் சுவர் இணைப்பிலும் மின்னேற்றலாம். இங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதில் இரவு எட்டு மணி நேரத்திற்கு 11 அல்லது 12 யூனிட் ஏறும். கோடையில் அது 60 கிலோமீட்டருக்குப் போதும். நகருக்குள் ஓட்டுபவர்க்கு இதுவே தாராளம். எனக்கோ, ஞாயிறு காலை ஆறு மணிக்கு நிறைந்த மின்கலத்துடன் புறப்பட வேண்டும். ஆகவே 240 வோல்ட் மின்னேற்றி தேவை. கருவிக்கு 800 டாலர், கம்பி இழுத்துப் பொருத்த 1,200. உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைச் செய்யவேண்டும்.

அவர் வந்து பங்கு இல்லத்து நிலவறையிலிருந்த மின்பலகையைத் திறந்து பார்த்தார். பழைய வீடு, பலகை 100 ஆம்பியர் மட்டுமே தாங்கும். வெந்நீர்க் கொதிகலம், மின்னடுப்பு, துணி உலர்த்தி இவற்றோடு காரையும் சேர்த்தால் தாங்காது என்றார். 200 ஆம்பியர்ப் பலகை மாற்றவும், தனித்து நிற்கும் கார்க்கொட்டகை வரை குழிதோண்டிக் கம்பி புதைக்கவும் இன்னும் 4,500 டாலர் கேட்டார். ஆனை வாங்கியவன் அங்குசத்திற்குத் தயங்கலாகாது என்பர். இங்கே அங்குசத்தோடு கொட்டாரமும் கட்ட வேண்டியதாயிற்று! நிதிக்குழுவில் இதன்மேல் ஒரு மாலை முழுவதும் வழக்கு நடந்தது. பலகையை என்றாவது மாற்றியே தீரவேண்டுமாதலால் அதைக் காரின் கணக்கில் எழுதலாகாது என்றார் ஒருவர். கார் வராவிட்டால் இன்னும் பத்தாண்டுக்கு அதைத் தொட்டிருக்க மாட்டோமே என்றார் மற்றொருவர். இரண்டாமவர் சொன்னதே எனக்குச் சரியெனப் பட்டது. எனினும் இரு விதமாகவும் கணக்கெழுதினோம்.

மின்கட்டணத்தில்தான் ஒன்டாரியோ மக்களுக்கு உண்மையான நல்வாய்ப்பு உள்ளது. 2023 மே மாதம் முதல் இங்கு நள்ளிரவுக் கட்டணத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மின்சாரம் மிக மலிவு. 2024 நவம்பரில் யூனிட்டுக்கு 2.8 சென்ட். ஆனால் அதே திட்டத்தில் வாரநாள்களின் மாலை 4 முதல் 9 மணிவரை அன்றைய கட்டணம் 28.4 சென்ட், பத்து மடங்கு! மாலையில் சமைத்து, துவைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டும் குடும்பம் காரில் மிச்சப்படுத்தியதை அடுப்பில் இழக்கக்கூடும். தனியனாகிய எனக்கு அத்தொல்லை இல்லை. மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணமும் வரியும் கூடுமாதலின், யூனிட்டுக்குச் சராசரி 10 சென்ட் என வைத்துக்கொண்டோம்.

குளிர்தான் எங்கள் பெரிய ஐயம். சனவரியில் இங்கே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 30 பாகை வரை செல்வதுண்டு. கனடா மோட்டார் வாகனச் சங்கம் 2025 பிப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து மோன் திராம்பிளான் வரை பதினான்கு மின்வாகனங்களை ஓட்டிச் சோதித்தது. சுழியத்திற்குக் கீழ் 7 முதல் 15 பாகைக் குளிரிலேயே அவை செல்லக்கூடிய தொலைவு நூற்றுக்கு 14 முதல் 39 வரை குறைந்தது. டிம்மின்ஸிலிருந்து சட்பரிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் செல்லும் எனக் குறிக்கப்பட்ட வண்டி நூற்றுக்கு 39 இழந்தால் 244இல் நின்றுவிடும். வழியெல்லாம் காடு. இடையில் நிறுத்தி மின்னேற்றாமல் சட்பரி மருத்துவமனையில் கிடக்கும் நோயாளியைப் பார்க்கச் செல்ல இயலாது. கடுங்குளிரில் விரைவு மின்னேற்றமும் மெதுவாகவே நடைபெறும். சாகும் தறுவாயில் இருப்பவரிடம் போகும் வழியில் அந்தக் காத்திருப்பிற்கு எவரால் டாலரில் விலை குறிக்க முடியும்?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். காருக்கு மின்கம்பி மாட்டுவது இவ்வடபுலத்து மக்களுக்குப் புதியதன்று. குளிரில் எஞ்சின் உறைந்துபோகாதிருக்கப் பெட்ரோல் காரையே இரவில் மின்னிணைப்பில் மாட்டிச் சூடாக்கி வைப்பது இங்கே நெடுநாளைய வழக்கம். எங்கள் கோவில் முற்றத்துக் கம்பங்களிலும் அதற்கான இணைப்புகள் உள்ளன.

இனி, கூட்டிக் கழித்ததைச் சொல்கிறேன். பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும், லிட்டர் 1.40 டாலர் என்று கொண்டால் ஆண்டுக்கு 2,400 லிட்டர், 3,360 டாலர். மின்சாரக் காருக்குக் குளிர்கால மிகைச் செலவையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் என வைத்தால் 6,600 யூனிட். அதில் 5,610 யூனிட் வீட்டில் 10 சென்ட் விலையில். எஞ்சிய 990 யூனிட் நெடுஞ்சாலை நிலையங்களில் 60 சென்ட் விலையில். ஆக 1,155 டாலர். மிச்சம் 2,205. எண்ணெய் மாற்றுதல் போன்ற பராமரிப்பில் 400 மிச்சமாகும். காப்பீட்டிலோ எங்களிடம் 300 கூடுதலாகக் கேட்டனர். முடிவில் ஆண்டுக்கு 2,305 டாலர் மிச்சம். விலை வேறுபாட்டோடு மின்னேற்றிச் செலவைச் சேர்த்த 15,560 டாலர் திரும்பிவர ஆறே முக்கால் ஆண்டு ஆகும். மின்பலகையையும் சேர்த்தால் எட்டே முக்கால் ஆண்டு. பழைய நடுவண் உதவித்தொகை 5,000 கிடைத்திருந்தால், பலகை நீங்கலாக, நான்கரை ஆண்டில் முடிந்திருக்கும். “இரண்டே ஆண்டு” என்னும் பேச்சிற்கு எங்கள் கணக்கில் எங்குமே இடமில்லை. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் குடும்பத்திற்கோ பன்னிரண்டு ஆண்டும் போதாது.

மின்கலத்திற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, உறுதி தருகின்றன. ஆண்டுக்கு 30,000 ஓட்டும் எனக்கு ஐந்தரை ஆண்டிற்குள்ளாகவே அந்த உறுதி தீர்ந்துவிடும். போட்ட பணமோ அதன் பின்னரே திரும்பும். மின்கலம் அன்றே கெட்டுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் கெட்டால் செலவு நம்முடையது.

எல்லாரும் எரிபொருளையே பேசுகின்றனர். கனடா வருமான வரித்துறை பணிக்காகச் சொந்தக் காரை ஓட்டுவோர்க்குத் தகுந்த படியென 2025ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட அளவு, முதல் 5,000 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 72 சென்ட். எங்கள் கணக்கின்படி அதில் பெட்ரோல் வெறும் 11 சென்ட். மற்றதெல்லாம் மதிப்புத் தேய்மானம், காப்பீடு, வட்டி, சக்கரம், பழுது. அவற்றுள்ளும் பெரியது தேய்மானம். மூன்றாண்டு ஓடிய மின்சாரக் காரின் விலை வெகுவாக இறங்கிவிடுவதைக் கடைகளில் கண்டோம். புதிது வாங்குபவர்க்கு இது பேரிழப்பு. பழையது வாங்குபவர்க்குப் பேருதவி.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் அடுக்குமாடிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியே ஒரு சொல். வீட்டில் மின்னேற்ற வசதி இன்றிப் பொது நிலையங்களையே நம்பினால், 60 சென்ட் விலையில் 22 யூனிட்டுக்கு 13 டாலர் 20 சென்ட். பெட்ரோலிலோ அதே 100 கிலோமீட்டருக்கு 11 டாலர் 20 சென்ட்தான்! சொந்த அடுக்கக வீடு வைத்திருப்போர் தம் செலவில் மின்னேற்றி பொருத்த விண்ணப்பிக்க 2018 மே முதல் மாநில விதிகள் வழி செய்துள்ளன. வாடகைக்கு இருப்போர்க்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே அன்னையே, உங்கள் மகனிடம் முதலில் கேட்கவேண்டியது காரின் விலையை அன்று. இரவில் அதை எங்கே நிறுத்துகிறான் என்பதை.

எங்கள் நிதிக்குழுவில் இளம் ஆசிரியை ஒருவர், திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலை நினைவூட்டி, மின்சாரக் காரே வேண்டும் என்றார். ஒன்டாரியோவின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணு உலைகளிலிருந்தும் நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் வருவதால் அவர் வாதத்தில் உண்மையும் உண்டு. சுரங்கத்தில் முப்பதாண்டு உழைத்த பெரியவர் ஒருவர், “கூரை ஒழுகும்போது மனச்சான்றுக்கு எவ்வளவு செலவிடலாம், ஃபாதர்?” என்று கேட்டார். இருவரும் நல்லவர்கள். நான் இருவருக்கும் நடுவில் அமர்ந்திருந்தேன்.

இறுதியில் வாக்கெடுத்தோம். புதிய கார் வேண்டாம்; மூன்றாண்டு ஓடிய மின்சாரக் கார் ஒன்றை, மின்கல உறுதியில் எஞ்சியுள்ள கிலோமீட்டரைப் பார்த்து, 30,000 டாலருக்குள் வாங்குவது. வரியோடு 33,900. சட்பரிக்குக் குளிர்காலத்தில் செல்ல நேரும் நாள்களில் பக்கத்துப் பங்குத்தந்தையின் பெட்ரோல் காரை மாற்றிக்கொள்வது, அவர் இசைந்துள்ளார். மிச்சமாகும் பணம் கூரைக்கு. ஆசிரியையும் பெரியவரும் ஒரே பக்கம் கைதூக்கினர். மின்பலகை வேலைக்குத் தேதி கேட்டபோது, நிலம் உறைந்திருப்பதால் குழி தோண்ட மே மாதம் வரை பொறுக்கவேண்டும் என்று மின்பணியாளர் சொல்லிவிட்டார். அதுவரை பழைய வண்டிதான் ஓடுகிறது.