எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும்

பத்திரம் எழுதுவது என் தொழில். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சின்ன அறை. அப்பா உட்கார்ந்து எழுதிய அதே மேசை. கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று ஊராரின் மண் கைமாறுவதை எழுதிக்கொண்டிருந்தவள், போன வருடம் ஒரு நாவலும் எழுதி வெளியிட்டேன். ஒரே கிணற்றில் பங்குள்ள அண்ணன் தம்பிகளின் கதை. "பத்திரம் எழுதுற உங்களுக்குக் கதை எழுத எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்காதவர் இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் விளங்கவில்லை. பின்னால் ஒரு கதை இல்லாமல் எந்தப் பத்திரமும் என் மேசைக்கு வந்ததில்லை.

தமிழ் நாவல் பிறந்ததே கோர்ட்டு வாசலில்தான். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பிறகு மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1898-இல் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவுக்கு உப்பு இலாகாவில் உத்தியோகம். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். பூமணி கூட்டுறவுத் துறையிலும், சா. கந்தசாமி உணவுக் கழகத்திலும் வேலை பார்த்தார்கள். வேலை நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் விதவிதமான மனிதர்களைக் கொண்டுவந்து அவர்கள் எதிரே உட்கார வைத்ததும் அந்த வேலைதான்.

என் மேசைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார்கள். "ஒரு சின்ன வேலைக்கா" என்பார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். மூலப் பத்திரம் மஞ்சள் பைக்குள்ளேயே இருக்கும். பையை யார் மடியில் வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்வேன். பணம் கொடுக்கிறவர் ஒருவராக இருப்பார், பேசுகிறவர் ஒருவராக இருப்பார், பை மூன்றாம் ஆளிடம் இருக்கும். அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவர் தலையசைத்தால்தான் காரியம் நடக்கும். நாவலில் ஒரு வீட்டுக்குள் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டி வந்தபோது எனக்கு வசனமே தேவைப்படவில்லை. பையை யாரிடம் கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்தேன்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் சட்டம் திருத்தப்பட்டது. அதிலிருந்து விடுதலைப் பத்திரம் எழுத வருகிற கூட்டம் கூடிவிட்டது. அக்கா தங்கச்சிகள் தங்கள் பாகத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். ஒரு நாள் அப்படி ஓர் அம்மா வந்தார். கூட இரண்டு தம்பிகள். என்ன எழுதுவது என்பதைத் தம்பிகளே சொல்லிவிட்டார்கள். கையெழுத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டுவது வழக்கம். வாசித்தேன். நாற்பது சென்ட் நஞ்சை, கிணற்றில் பங்கு, மோட்டார் ரூம் எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தவர், 'மேற்படி தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"அத அடிச்சிருங்க தாயி. நான் ஒத்தப் பைசா வாங்கல."

"அது ஒரு பேச்சுக்குப் போடுறதுக்கா" என்றார் பெரிய தம்பி.

"போடாத. பாசத்துல விட்டுக் குடுத்தேன்னு எழுதச் சொல்லு. நாளைக்கு எம் புள்ள இதப் படிச்சா, ஆத்தா காசு வாங்கிட்டுத்தான் போட்டான்னு நினைக்கப்படாதுல்லா?"

பிரதிபலன் இல்லாமல், அன்பின் காரணமாக விடுதலை செய்வதாக மாற்றி எழுதினேன். தம்பிகள் இருவரும் அதற்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நிலம் போனதைப் பற்றி அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் இல்லை. போன விதம் சரியாக எழுதப்பட வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். கொடுத்தவர் என்ற பெயரைத் தக்க வைத்துக்கொண்டு போனார். தம்பிகளுக்கு நிலத்தோடு சேர்ந்து ஒரு கடனும் வந்தது.

இந்தச் சம்பவம் என் நாவலில் இல்லை. இங்கேயும் ஆள் அடையாளம் தெரியாதபடி ஊர், உறவு, அளவு எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் நம்பி வருகிறார்கள். அவர்கள் வீட்டு விவகாரத்தை எடுத்து அச்சில் போட எனக்கு உரிமை கிடையாது. எடுத்துக்கொண்டது ஒரு பாடத்தை மட்டும்தான். ஒருவர் எதை இழக்கிறார் என்பது கதையில் பாதி. அந்த இழப்புக்கு என்ன பெயர் சொல்லிக்கொள்கிறார் என்பது மீதிப் பாதி. புதிதாக எழுத வருகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். சொத்து போயிற்று, கல்யாணம் நின்றது, ஆள் செத்தார் என்று சம்பவம் மேல் சம்பவமாக அடுக்குகிறார்கள்.

பத்திரத்தில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி உண்டு. சர்வே எண்ணும் பரப்பும் எழுதினால் மட்டும் போதாது, நான்கு மால் எழுத வேண்டும். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை, மேற்கே இன்னார் தோட்டம். இவற்றுக்கு நடுவில் உள்ளதுதான் நீங்கள் வாங்கும் நிலம். மண் கரிசலா செவலா, விளைச்சல் எப்படி என்று பத்திரம் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவற்றை வைத்தே ஓர் இடம் அடையாளமாகிறது.

என் நாவலின் மூத்த அண்ணனை நான் இப்படித்தான் எழுதினேன். அவர் நல்லவரா கெட்டவரா, கஞ்சரா தாராளமா என்று என் வாயால் சொல்லவில்லை. அவர் மனைவி அவரிடம் பணம் கேட்க எந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறாள், தம்பி அவர் எதிரே கட்டிலில் உட்காருவானா, வட்டிக்குக் கொடுத்தவர் அவரைத் தெருவில் நிறுத்துவாரா வீடு தேடி வருவாரா, மோட்டார் போடும் பையன் அவர் குரல் கேட்டதும் என்ன செய்கிறான். நாலு பக்கமும் எழுதி முடித்தபோது அவர் நடுவில் தானாக வந்து நின்றார். வாழ்க்கையிலும் இது உதவுகிறது. யாரைப் பற்றியாவது ஒரு முடிவுக்கு வருமுன், அவரோடு எல்லை பகிர்ந்து வாழ்கிறவர்களைப் பார்த்தால் போதும்.

பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் இரு கட்சிகள். எழுதுகிறவளுக்குக் கட்சி இருக்கக் கூடாது. இருவரும் வாசித்துவிட்டு "சரிதான்" என்று சொன்னால்தான் கையெழுத்து. நாவல் எழுதும்போதும் இந்தச் சோதனையை வைத்துக்கொண்டேன். கதையில் தங்கையை ஏமாற்றுகிற தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் இந்தப் பக்கங்களைப் படித்தால், "ஆமா, நான் சொன்னதும் நினைச்சதும் இதுதான்" என்று கையெழுத்துப் போடுவானா? போடமாட்டான் என்று தோன்றிய அத்தியாயங்களை மறுபடி எழுதினேன். அவனுக்கும் வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்; அவன் கணக்கில் அவன் செய்வது ஏமாற்று இல்லை, பாதுகாப்பு. அதை அவன் தரப்பிலிருந்து சொன்ன பிறகுதான் தங்கையின் கோபத்துக்கு எடை வந்தது. வில்லனாக்கி விட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள், வாசகரும் கூட அழுதிருப்பார், அதோடு முடிந்திருக்கும்.

தொழில் எல்லாவற்றுக்கும் துணைக்கு வரவில்லை. பத்திரத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நாளைக்கு வில்லங்கம். அதனால் சொன்னதையே மூன்று விதமாகச் சொல்லிக் கட்டுவோம். நாவலிலோ சில சந்தேகங்களைத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்தது யார் என்று கடைசிவரை நான் சொல்லவில்லை. மூன்று பேருக்குக் காரணம் இருந்தது, மூன்று பேரும் மறுத்தார்கள், அந்த மூன்று பேரும் அதற்கப்புறமும் அதே வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்தச் சாப்பாட்டை எழுதத்தான் நாவலே எழுதினேன்.

திருத்தம் பற்றியும் பதிவுச் சட்டம் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பத்திரத்தில் அடித்தல், இடைச்செருகல், காலி இடம் இருந்தால், எழுதிக் கொடுப்பவர் அந்தந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு உறுதிசெய்யவில்லையென்றால், பதிவு அதிகாரி பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். கையால் எழுதிய காலத்தில் அப்பா ஒவ்வொரு அடித்தலுக்கும் கட்சிக்காரரிடம் காரணம் சொல்லி ஒப்பம் வாங்குவார். கம்ப்யூட்டர் வந்தபின் அடித்தல் கண்ணுக்கே தெரிவதில்லை. நாவலுக்கு நான் அப்பாவின் முறையைத்தான் பிடித்துக்கொண்டேன். பிரின்ட் எடுத்து, பேனாவால் அடித்து, ஓரத்தில் ஏன் அடித்தேன் என்று எழுதி வைத்தேன். காரணம் எழுத முடியாத திருத்தங்கள் பல, அழகுக்காகச் செய்தவை என்று தெரிந்தது. பழையதையே திரும்பப் போட்டுவிட்டேன்.

நேரம் எங்கே கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆடி மாதம். ஆடியில் சொத்து வாங்க மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆடிப்பெருக்கு ஒரு நாள் மட்டும் கூட்டம் நெரியும், கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் மேசை காலி. தை பிறந்தால் முகூர்த்த நாட்களில் தண்ணீர் குடிக்க நேரமிருக்காது. அப்போது எழுதுவதில்லை, கேட்பேன். மற்ற மாதங்களில் ராகு காலம் இருக்கவே இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் யாரும் கையெழுத்துப் போட வரமாட்டார்கள். என் நாவலில் பல பக்கங்கள் ராகு காலத்தில் எழுதியவை. ஒரு குறையும் வரவில்லை. எழுத மனநிலை வரட்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. பத்திரத்துக்கு ஆள் வந்து உட்கார்ந்த பிறகு மனநிலை சரியில்லை என்று நான் சொன்னதில்லை.

புத்தகம் வந்த பிறகு பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்த பிறகு புதியவர்களின் நூல்கள் சில நூறு பிரதிகளோடு தொடங்குகின்றன, என்னுடையதும் அப்படித்தான். அந்த வருமானத்தில் அடுப்பு எரியாது. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் என்று என் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. நாவலில் அட்டையில் இருக்கிறது. அந்த வித்தியாசம் ஒரு வாரம் இனித்தது. பிறகு அடுத்த பத்திரம் வந்துவிட்டது.

எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேலையை விட்டுவிட்டு எழுத வராதீர்கள். நீங்கள் டிக்கெட் கொடுப்பவராக இருக்கலாம், மருந்துக்கடையில் நிற்பவராக இருக்கலாம், நாள் முழுக்க ரேஷன் எடை போடுபவராக இருக்கலாம். உங்கள் மேசைக்கு எதிரே வருகிறவர்களின் நியாயத்தை, அவர்களே கையெழுத்துப் போடும்படி எழுதிப் பாருங்கள். முதலில் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரிடமிருந்து தொடங்குங்கள்.