கவசம்

அம்மம்மாவுக்குக் கந்தசஷ்டி கவசம் முழுக்க மனப்பாடம். தேவராய சுவாமிகள் அதில் உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி முருகனின் வேலைக் காவலுக்கு அழைப்பார். அவ சொல்லச் சொல்ல நான் நெற்றி, கண், காது என்று என்னையே தொட்டுக்கொண்டு வருவேன். கால்விரல் வருமுன்னர் நித்திரையாகிவிடும்.

1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஓடினோம். ஓட்டம் என்ன ஓட்டம், மதிலோரமாகப் பதுங்கிப் பதுங்கி நடந்தோம். அம்மம்மாவின் பன்பையில் காணி உறுதி, திருநீற்றுப் பை, மாற்றுச் சீலை ஒன்று. கோயில் வாசலில் அப்பா அந்த அவசரத்திலும் நின்று சேட்டைக் கழற்றினார். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

உள்ளே ஆயிரக்கணக்கான சனம். திருவிழாக் காலத்தில் "ஓடாதை, கத்தாதை" என்று அதட்டு வாங்கிய இடத்தில் நாங்கள் படுத்து உருண்டோம், கெந்திப் பிடித்தோம். அம்மா வழக்கமாக "அவை ஆர், எவடம்?" என்று விசாரிக்காமல் ஒருவர் வீட்டில் தண்ணீர்கூட வாங்கமாட்டா. சாதி என்ன என்பதுதான் யாழ்ப்பாணத்தில் அதன் உள்ளர்த்தம். அங்கேயோ முன்பின் தெரியாதவர்களோடு ஒரே பேணியில் பிளேன்டீ கைமாறிக் குடித்தா. மூத்திர நாற்றமும் வயிற்றோட்டமும் இருந்தன. பக்திக் கதைகளில் இவை வருவதில்லை.

ஷெல் கூவிக்கொண்டு போகும்போது எல்லாரும் குனிவார்கள். அம்மம்மாவும் குனிவா. ஆனால் கவசத்தை விடமாட்டா. குரல் உயராது, வேகமும் கூடாது. கந்தனை நான் நம்பினேனோ தெரியாது, அந்தக் குரலை நம்பினேன்.

உயிரோடு வீடு திரும்பினோம். கூரையில் பாதி இல்லை. "கந்தன் காப்பாத்திப் போட்டான்" என்று ஊரே சொன்னது. நானும் அப்படியே வைத்துக்கொண்டு வளர்ந்தேன், 1995 ஜூலை 9 வரை. அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

"அந்தச் சனமும் கும்பிட்டதுதானே அம்மம்மா?"

"ஓம் மோனை. எங்களைவிட வடிவாக் கும்பிட்டிருக்கும்."

வேறு விளக்கம் சொல்லவில்லை. விதி, கர்மம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவவோடு எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்றிரவும் கவசம் சொன்னா. சொன்னால் காவல் நிச்சயம் என்ற கணக்கில் அவ ஒருநாளும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. மழை, சேறு, நாவற்குழிப் பாலத்தடியில் அசைய முடியாத நெரிசல். அம்மம்மா பன்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கவசம் சொல்லியபடி வந்தா. இடைக்கிடை நிறுத்தி, "கையை விடாதை, சறுக்கும்" என்று என்னை ஏசிவிட்டு, விட்ட உறுப்பிலிருந்து மறுபடி தொடங்கினா.