டேட்டா என்றால் டேட்டா கோப்புகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ பேஸல் ரூல் எழுதி அனுப்பிய ஸ்டார்லார்க் கோப்பை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ரூல் ஒழுங்காக ஓடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே நீ எழுதியிருக்கும் விளக்கங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். "சோர்ஸஸ்: சோர்ஸ் கோப்புகள். டேட்டா: டேட்டா கோப்புகள்." டேய், இரண்டாவது வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அச்சு அசலாக அதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். பட்ட பாட்டையும் கேள்.

பழைய வேலையில் ஒரு கோட் ஜெனரேட்டருக்கு பேஸல் ரூல் எழுதினேன். டெம்ப்ளேட்டை சோர்ஸஸில் கொடுக்க வேண்டும். பக்கத்து டீம் பையன் அதை டேட்டாவில் போட்டுவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, டெம்ப்ளேட்டும் ஒரு டேட்டா கோப்புதானே! சாண்ட்பாக்ஸ் இருந்திருந்தால் கோப்பு இல்லை என்று பில்ட் அங்கேயே விழுந்திருக்கும். நான் ஏதோ அவசரத்தில் அந்த ஆக்‌ஷனுக்கு மட்டும் சாண்ட்பாக்ஸை அணைத்து வைத்திருந்தேன். ஜெனரேட்டர் நேராக டிஸ்க்கிலிருந்தே டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டது. பில்ட் பச்சை, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கோப்பு ஆக்‌ஷனின் இன்புட் பட்டியலில் இல்லையே. அவன் டெம்ப்ளேட்டை மாற்றியது பேஸலுக்குத் தெரியவே இல்லை. பழைய அவுட்புட்டையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிறகு சாண்ட்பாக்ஸைத் திரும்பப் போட்டேன், டேட்டாவுக்கு எழுதியிருந்த அந்த வரியையும் மாற்றினேன்: "ஓடும்போது மட்டும் தேவைப்படும் கோப்புகள். கோட் உருவாகும்போது இவை கிடைக்காது. டெம்ப்ளேட்டை சோர்ஸஸில் கொடுக்கவும்."

நம் வீட்டு மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் அப்பா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாரே, "இதை இறக்கினால் மோட்டாரும் நிற்கும்" என்று, அந்த மாதிரி எழுது. சுவிட்சுக்கு மேலே "சுவிட்ச்" என்று எழுதிவைக்க அப்பாவுக்குத் தோன்றவில்லை பார். உன் ரூலைப் பயன்படுத்துகிறவனுக்கு ஸ்டார்லார்க் தெரிய வேண்டிய அவசியமில்லை. பில்ட் கோப்பில் நாலு வரி எழுதிவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போகிறவன். எதை எங்கே கொடுக்க வேண்டும், தப்பாகக் கொடுத்தால் என்ன ஆகும், இந்த இரண்டும் போதும் அவனுக்கு.

டிஃபால்ட் மதிப்பை விளக்கத்தில் எழுதாதே. ஸ்டார்டாக் டாக்குமெண்ட் உருவாக்கும்போது டைப், டிஃபால்ட், கட்டாயமா இல்லையா எல்லாவற்றையும் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். நீ "4" என்று எழுதிவைப்பாய், ஆறு மாதம் கழித்து கோடில் 8 ஆக்குவாய், விளக்கம் 4 என்றே பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ப்ரொவைடரில் ஃபீல்டுகளை வெறும் லிஸ்ட்டாகக் கொடுத்திருக்கிறாய். டிக்ஷனரியாக மாற்று, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே விளக்கம் எழுத இடம் கிடைக்கும். உன் மேக்ரோ சத்தமில்லாமல் இன்னொரு டெஸ்ட் டார்கெட்டையும் உருவாக்குகிறது. அது டாக்ஸ்ட்ரிங்கில் கண்டிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் "நான் எழுதாத டார்கெட் எங்கிருந்து வந்தது?" என்று உன்னைத்தான் தேடி வருவார்கள்.

இன்னொன்று. ஒரு ஆக்‌ஷனுக்கு "நோ-ரிமோட்" போட்டிருக்கிறாய். ஏன்? எனக்குப் புரியவில்லை, அடுத்த வருஷம் உனக்கே புரியாது. யாராவது தேவையில்லை என்று அழித்துவிடுவார்கள். இந்தக் காரணம் டாக்ஸ்ட்ரிங்குக்கு வேண்டாம், ரூலைப் பயன்படுத்துகிறவனுக்கு அதில் வேலையில்லை. அந்த வரிக்கு மேலேயே ஹேஷ் போட்டு எழுதிவிடு.

இதையெல்லாம் பார்க்க பில்டிஃபையர் இருக்கிறதே என்பாய். டாக்ஸ்ட்ரிங்கில் ஆர்க்யுமெண்ட் விட்டுப்போனால், பெயர் பொருந்தாவிட்டால் அது சொல்லும். ஆனால் "டேட்டா: டேட்டா கோப்புகள்" என்ற வரியை அது மனசார ஏற்றுக்கொள்ளும். ஸ்டார்டாக் கொடுக்கும் மார்க்டவுனை ரெப்போவிலேயே வைத்து, ஸ்கைலிப்பின் டிஃப் டெஸ்ட்டில் ஒப்பிட்டுக்கொள். கோடில் விளக்கம் மாறி மார்க்டவுன் மாறாமல் இருந்தால் டெஸ்ட் விழும். ரிவ்யூவிலும் அந்தப் பக்கம் தனியாகக் கண்ணில் படும், எல்லோரும் படிக்கிற ஒரே பக்கம் அதுதான்.

திருத்தி அனுப்பு. சனிக்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். அந்த நோ-ரிமோட் ஏன் என்று மட்டும் இன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
அக்கா