பேர் கிடைத்ததா?

கராம்பு காய்கிற நாட்களில் எங்கள் முற்றம் முழுக்கப் பாய் விரித்துக் கிடக்கும். இன்றும் அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு நினைவுக்கு வருவது, கண்ணால் கண்டிராத சிவகாசிதான். சனிக்கிழமைகளில் வாப்பா கராம்பும் மிளகும் சாதிக்காயும் சாக்கில் கட்டிக் கண்டிக்குக் கொண்டுபோவார். அந்தியில் திரும்பும்போது வெறுஞ்சாக்கின் அடியில், பழைய பேப்பரில் சுற்றிய ஒரு காமிக்ஸ் இருக்கும். அச்சு மையின் மணத்தை எங்கள் வீட்டில் யாரும் தனியாக அறிந்ததில்லை. சிவகாசியில் அச்சாகி எங்களுக்கு வந்த லயன், முத்து காமிக்ஸ்கள் கராம்பு மணத்துடனேயே வந்தன.

கலகெதர, கண்டி – குருநாகல் வீதியில் மலை இறங்கப்போகிற இடத்து ஊர். பக்கத்துக் கிராமத்தின் பெயர் மடிகே. கண்டி இராசாக்கள் காலத்தில் பொதிமாடுகளைக் கொண்டு சாமான் ஏற்றி இறக்கிய துறைக்கு ‘மடிகே பத்த’ என்று பெயர். அந்த வேலையில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. மலையின் பாக்கு கீழே இறங்கியது. பொதிமாட்டுத் தவளம் போன காலம் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகும், எங்கள் ஊருக்குச் சித்திரக்கதை வாப்பாவின் பொதியில்தான் வந்து சேர்ந்தது.

சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியது 1972இல். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. இங்கே இலங்கையில் அது இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். தப்பித் தவறி வந்த ஒரு பிரதி, ஊர் முழுக்கக் கைமாறி அட்டை இழந்து, எங்கள் மாமாவின் ட்ரங்குப் பெட்டியில் வந்து ஓய்ந்தது. நான் முதலில் வாசித்த மாயாவி அதுதான். வலது கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை. கரண்ட் பட்டு மறைகிற மனிதனின் கதையைக் குப்பி விளக்கில் வாசித்தேன்.

1977க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்தது. 1984இல் லயன் காமிக்ஸ் பிறந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. முதல் இதழ் ‘கத்திமுனையில் மாடஸ்டி’. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. கூர்மண்டை ஸ்பைடரும், டெக்ஸ் வில்லரும், நிழலைவிட வேகமாகச் சுடும் லக்கி லூக்கும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஒன்றுவிட்ட நானாமார் போல ஆனார்கள். பிரித்தானியா, இத்தாலி, பெல்ஜியம் என்று எங்கெங்கோ வரையப்பட்டவர்கள், சிவகாசியில் தமிழ் படித்துக்கொண்டு கலகெதரவுக்கு வந்தார்கள்.

உள்ளங்கையில் அடங்குகிற புத்தகம். மங்கலான தாள், கருப்பு வெள்ளைப் படங்கள், அட்டை மட்டும் கண்ணைப் பறிக்கும் கலரில். இந்திய விலைக்கு மேலே கடைக்காரர் பென்சிலால் நம் ரூபா விலையைச் சரித்து எழுதியிருப்பார். ஆனால் நான் முதலில் திறப்பது கதையை அல்ல. கடைசிப் பக்கங்களில் இருக்கும் ‘அடுத்த வெளியீடு’ விளம்பரத்தை. ஒரு படம், ஒரு தலைப்பு, நாலு வரி. அந்தத் தலைப்பைக் கொப்பித் தாளில் எழுதிக் கிழித்து வாப்பாவிடம் கொடுப்பேன். அவர் அதை நாலாக மடித்து, சாரத்துக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டின் பையில், காசோடு வைப்பார்.

அறிவித்த புத்தகம் அறிவித்தபடி வந்து சேர்ந்தது குறைவு. சிவகாசியில் வெளிவந்த எல்லாமே கொழும்புக்கு வருவதில்லை, கொழும்புக்கு வந்தவை எல்லாம் கண்டிக்கு ஏறுவதுமில்லை. சில சமயம் விளம்பரத்துக்கு முன்பே புத்தகம் வந்துவிடும். கிளர்ச்சி மூண்டிருந்த 1988, 89இல் ஊரடங்கும் கடையடைப்புமாக வாரக்கணக்கில் சாக்கு வீட்டிலேயே கிடந்தது. போக முடிந்த நாட்களில், வாப்பா பாதுகாப்பாக வந்தால் போதும் என்று உம்மா வாசலில் நிற்பார். நான் வாப்பாவின் தோளில் கிடக்கும் சாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கூசுகிறது.

வாப்பாவுக்குக் கணக்கு எழுதுமளவுக்குத்தான் தமிழ் எழுத்து வரும். இஷா தொழுகைக்குப் பிறகு பிளேன் டீயும் கருப்பட்டித் துண்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, “என்ன மகன், இந்த முற என்ன நடந்திச்சி?” என்று கேட்பார். அவர் விடாமல் பிடித்துக்கொண்டது ‘இரத்தப் படலம்’. ழான் வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் கதை. தலையில் குண்டடிபட்டுக் கடற்கரையில் ஒதுங்குகிற ஒருவன். ஒரு வயதான தம்பதி காப்பாற்றுகிறார்கள். அவனுக்குத் தன் பெயரே நினைவில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே பதின்மூன்று என்று ரோம எண்ணில் பச்சை குத்தியிருக்கிறது. தான் யாரென்று தேடித் தேடி அவன் ஓடுகிறான்.

லயனில் அது பாகம் பாகமாக, நீண்ட இடைவெளி விட்டு வந்தது. எங்களுக்கு இடையில் பல பாகங்கள் கிடைக்கவேயில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சாக்கை இறக்கி வைத்ததும் வாப்பா கேட்பார்: “அந்த மனுசனுக்குப் பேர் கெடச்சா மகன்?” கிடைக்காத பாகங்களை நானே விளம்பரப் படத்தை வைத்துக் கட்டிச் சொன்னேன். ஒரு தடவை அவனைக் குருநாகல் யானைக்கல்லின் மேலே ஓட வைத்தேன். வாப்பா மறுத்துப் பேசாமல், “அங்க பாற வழுக்கும், கவனமா ஓடச் சொல்லு” என்றார்.

வாப்பா 2003இல் மவுத்தானார். ட்ரங்குப் பெட்டியையும் அதிலிருந்த புத்தகங்களையும் அதற்கு முன்பே கறையான் தின்றிருந்தது. இப்போது முத்துவும் லயனும் ஆர்ட் தாளில், முழுக் கலரிலும் வருகின்றன. 2022இல் முத்துவுக்கு 50 ஆண்டு நிறைந்தது. ஐம்பது வருஷம் வெளிநாட்டுக் கதைகளுக்குத் தமிழ் வாய் கொடுத்த சிறு பதிப்பகத்தை வியாபாரம் மட்டும் தாங்கி நிறுத்தியிருக்க முடியாது. அதன் பின்னால் எங்களைப் போலக் காத்துக்கிடந்த ஆட்களும் இருக்கிறார்கள். புது வெளியீட்டுச் செய்தி சிவகாசிக்காரருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் போனில் விழுகிறது. தலைப்பை எழுதிக் கொடுத்தனுப்ப ஒரு பச்சை பெல்ட் இல்லை.

2010இல் இரத்தப் படலத்தின் 18 பாகங்களையும் ஒரே தடித்த புத்தகமாகப் போட்டார்கள். சென்னைக்குப் போன நண்பரொருவர் எனக்கொன்று கொண்டுவந்தார். மூன்று இரவுகளில் முடித்தேன். நான் கட்டிச் சொன்ன எதுவும் அதில் இல்லை, யானைக்கல்லும் இல்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும், அந்த மனுசனின் பெயரைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு முற்றத்துப் பாயிலிருந்து ஒரு பிடி கராம்பு அள்ளிவந்து, பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று தாள்களுக்கிடையே வைத்து மூடினேன்.