ஒரு புத்தகமும் இரண்டு கிராணிகளும்

ஆயர் தாவார் என்றால் மலாயில் உப்பில்லாத நீர் என்று பொருள். பேராக் மாநிலத்தில் சித்தியவானுக்கு அருகில் இருக்கும் அந்தச் சிற்றூர்தான் என் பாட்டியின் ஊர். அவர் பால்மரம் சீவிய தோட்டத்தில் பின்னர் செம்பனை நட்டுவிட்டார்கள். பழைய தோட்ட வாழ்க்கை பெரியவர்களின் குரலில் மட்டுமே மிஞ்சியிருந்தது.

2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் நானும் நண்பர்கள் சிலரும் அந்தக் குரல்களைப் பதிவு செய்தோம். தாலாட்டு, ஒப்பாரி, ஜப்பான்காரன் காலத்துக் கதைகள் எனப் பல சேர்ந்தன. அவற்றைச் சேமிக்க நான்கு சர்வர்களும், பொதுவாக ஒரு வன்தட்டுப் பெட்டியும் கிடைத்தன. கணினி படிப்பவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

பெட்டியை ஐஸ்கஸி வழியாக இணைத்து, எனக்குத் தெரிந்த எக்ஸ்ட்4 கோப்புமுறையை அதில் அமைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களில் அதை ஏற்றினேன். வேலை செய்தது! பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு கோப்பைத் திறந்தால் வேறொருவர் குரல் கேட்டது. பழுதுபார்க்கும் நிரலை ஓட்டினேன். பல பதிவுகள் பெயரில்லாத துண்டுகளாகிப் போயின.

நினைவட்டைகளிலிருந்து பெரும்பாலானவற்றை மீட்டோம். பாட்டியின் பதிவை மட்டும் மீட்க முடியவில்லை. சர்வரில்தான் இருக்கிறதே என்று அந்த அட்டையை நானே அழித்திருந்தேன்.

மீண்டும் ஆயர் தாவாருக்குப் போய்ப் பாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏன்டா, ஒரே பொஸ்தகத்துல ரெண்டு கிராணி ஒருத்தன் எழுதுறத ஒருத்தன் பாக்காம எழுதுனா, யாரு சம்பளம் சரியா வரும்?"

நடந்தது அதுவேதான். எக்ஸ்ட்4 ஒரு சர்வருக்கென அமைந்தது. எந்த இடம் காலி என்ற குறிப்பை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. மற்றது எழுதியதை அறியாமல், காலி என்றெண்ணி அதே இடத்தில் எழுதிவிடுகிறது.

இதற்கென்றே ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கோப்புமுறைகள் உண்டு. இரண்டும் 2006இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்டவை. அவற்றில் ஒரு சர்வர் எழுதுமுன் பூட்டு வாங்க வேண்டும், மற்றவை காத்திருக்கும். பூட்டை வைத்துக்கொண்டே ஒரு சர்வர் பேச்சின்றிப் போனால், முதலில் அதன் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், அல்லது வன்தட்டைத் தொடவிடாமல் தடுப்பார்கள். இல்லையென்றால் அது விழித்தெழுந்து பழைய நினைப்பில் எழுதிவிடும்.

எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் முறையே போதுமாயிருந்தது. ஒரு சர்வர் மட்டும் வன்தட்டை ஆளும். மற்றவை அதனிடம் கேட்டு வாங்கும். புத்தகம் ஒரு கிராணியின் கையில்! அதோடு வேறொரு கட்டடத்தில் இன்னொரு படியும் வைத்தோம். ஒரே பெட்டிக்குள் இரட்டை வன்தட்டு இருந்தாலும், தவறாக எழுதியதையும் அது சேர்த்தே இரட்டிக்கும்.

பாட்டி மறுபடியும் தாலாட்டுப் பாடினார். நடுவில் ஓர் அடி மட்டும் நினைவுக்கு வரவில்லை. முதல் முறை தடையின்றிப் பாடியிருந்தார். அந்த அடியை இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

தம்பி தங்கைகளே, நீங்களும் உங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பதிவு செய்யுங்கள். அட்டையை அழிக்குமுன், இரண்டாவது படியைத் திறந்து, ஒருமுறை முழுவதும் கேட்டுப் பாருங்கள்.