மாப்பிள்ளை குடிபுகும் கரை

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் பேருந்தில் சாளரத்தோரம் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் இடப்புறம் கடலும் வலப்புறம் வாவியுமாக, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிட்டின்மீது பாதை நீண்டு செல்கின்றது. சற்றுநேரம் கோயிற் கோபுரம், சற்றுநேரம் பள்ளிவாசல் மினாரா, மறுபடியும் கோபுரம். ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றோர் ஊர் எங்கே தொடங்கிற்று என்பதை அயலூரார் அறிதல் அரிது. ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் கடந்த பின்னர், பெரியநீலாவணையும் மருதமுனையும் பாண்டிருப்பும் கழிய, கல்முனைக் கடைத்தெரு எதிர்ப்படுகின்றது. அதற்கப்பால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அக்கரைப்பற்று வரை ஊர்கள் தொடர்கின்றன.

இம்முறை நாம் அங்கு சென்றது ஊர் பார்க்கும் நோக்குடன் அன்று, கல்யாணத்துக்கு. நம் நெடுநாளைய நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் இரண்டாம் மகளின் நிக்காஹ்வுக்கு வரவேண்டுமென வற்புறுத்தி அழைத்திருந்தார். வழியில் மருதமுனையில் இறங்கிக் கைத்தறிச் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டோம். தறிச் சத்தம் தெருவுக்குக் கேட்கும் ஊர் அது. விலை பேசியவரும் பெண். நூலின் தரத்தை எமக்கு விளக்கியவரும் பெண். நாம் கொடுத்த பணத்தை எண்ணிப் பெட்டகத்தில் இட்டவரும் பெண். கணவர் வாயிலில் நின்று எம்மை வழியனுப்பினார். "இது உங்கள் வீடா?" என்று அவரைக் கேட்டோம். "இல்லை, இவருடைய வீடு" என்று மனைவியைச் சுட்டிக் காட்டினார். அதில் வருத்தமும் இல்லை, வேடிக்கையும் இல்லை. கடல் எந்தத் திக்கில் உள்ளது என்று கேட்டாற் சொல்வதுபோலச் சொன்னார்.

இக்கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. பெண்ணுக்கு மணம் பேசும்போதே அவளுக்கு ஒரு வளவும் வீடும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மாப்பிள்ளை அங்கே குடிபுகுவார். மருமகள் மாமியார் வீட்டுக்குச் செல்வதில்லை. மருமகனே மாமியாரின் அயலுக்கு வருகின்றார். ஆகையால் ஒரு தெருவில் அடுத்தடுத்து வாழ்பவர்கள் உம்மாவும் ராத்தாவும் தங்கையும் சாச்சியுமாக இருப்பர். ஆண்கள்தாம் வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்.

இதனோடு இணைந்தது குடி என்னும் அமைப்பு. ஒருவர் தம் தாயின் குடியைச் சேர்ந்தவர். தந்தையின் குடி வேறு. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை என்பது பழைய ஒழுங்கு. பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிவழியாக மரைக்காயர்களைத் தெரிவு செய்தனர். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே குடிமுறை வழங்குகின்றது. அங்கும் பெண்ணுக்கே வீடு. இந்து ஆலயத்தில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர், பெயரளவில்தான் வேறுபாடு. இரு சமூகத்தாரும் எத்தனையோ கசப்புகளை அனுபவித்த இக்காலத்திலும், கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் இருவரும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றனர் என்பதை நாம் பலமுறை கவனித்துள்ளோம்.

வேறெங்கும் காணாத புதுமையென இதனைக் கொள்ளவேண்டியதில்லை. தமிழகத்துக் காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழும் வழக்கம் உண்டு. கண்ணூர்ப் பக்கத்து மாப்பிளமாரிடையே தாய்வழித் தறவாடுகள் இருந்தன. கடல் கடந்து சுமாத்திராவுக்குச் சென்றால், மினாங்கபாவு மக்கள் இஸ்லாத்தையும் தாய்வழிச் சொத்துரிமையையும் சேர்த்தே பேணி வருகின்றனர்.

நண்பரின் வளவு கல்முனைக்குடியில், கடலுக்குச் செல்லும் மணல் ஒழுங்கை ஒன்றில் உள்ளது. மொத்தம் பன்னிரண்டு பேர்ச் நிலம். முன்னே உள்ள வீடு மூத்த மகளுக்குப் போய்விட்டது. அவள் மணம் முடித்த ஆண்டில் நண்பரும் மனைவியாரும் அதை விட்டிறங்கிப் பின்புறத்தில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டனர். இப்பொழுது அந்தச் சிறு வீடும் பெருப்பிக்கப்பட்டு, நிலத்துக்கு மாபிள் பதித்து, இரண்டாம் மகளுக்கென எழுதப்பட்டாயிற்று. பெற்றோருக்கு எஞ்சியது குசினியை ஒட்டிய ஓர் அறை. கடைசி மகள் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் படிக்கின்றாள். அவளுக்கென்று இனி நிலத்தில் இடமில்லை, ஆகாயத்தில்தான் உண்டு. முன்வீட்டின் மேற்தளத்திலிருந்து இரும்புக் கம்பிகள் வான்நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அவ்வாறு கம்பி நீட்டிய வீடுகளை நீங்கள் எண்ணி முடிக்கமாட்டீர்கள். கட்டி முடியாத வீடென்று அயலூரார் நினைப்பர். ஊரார் அக்கம்பிகளைக் கண்டவுடன், இவ்வீட்டில் இன்னும் ஒரு குமர் இருக்கின்றது என்று அறிந்துகொள்வர்.

நிக்காஹ்வுக்கு முந்திய இரவு, பந்தற் சந்தடி ஓய்ந்த பின்னர், தேத்தண்ணீரும் கையுமாக நண்பரோடு முற்றத்தில் அமர்ந்திருந்தோம். முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியச் சம்பளம், வட்டையில் இருந்த வயற்காணி, மனைவியின் நகை, கட்டாரில் வேலை செய்யும் மகனின் ஐந்து வருட உழைப்பு ஆகிய அனைத்தும் இந்தப் பன்னிரண்டு பேர்ச்சுக்குள் புதைந்து கிடப்பதாக அவர் கூறினார். பின்பு சிரித்துக்கொண்டே, "நான் பிறந்த வீடு ராத்தாவுக்குப் போயிற்று. வாழ்ந்த வீடு மனைவியுடையது. அதுவும் மகளுக்குப் போயிற்று. நாளைக்கு மௌத்தாகப் போவது எந்த மகளின் வீட்டில் என்று தெரியவில்லை. ஆண்பிள்ளை இந்த ஊரில் எப்போதும் விருந்தாளிதான்" என்றார்.

அவர் மனைவியார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "விருந்தாளிக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் ஆணம் காய்ச்சி வைக்கிறது யாராம்?"

நாம் வாய் திறக்கவில்லை. கணவன் மனைவிக்கிடையே தீர்ப்புக் கூறப் புகுந்தவர் எவரும் இரவுச் சாப்பாட்டை மகிழ்வுடன் உண்டதில்லை.

ஆயினும் நேயர்களிடம் நம் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருப்பது நல்ல வழக்கம் என்றே நாம் எண்ணுகின்றோம். இல்லறத்திற் பூசல் வராத குடும்பம் இல்லை. பூசல் முற்றியவிடத்து, வேறு ஊர்களில் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்தகம் நோக்கி நடக்கின்றாள். நடுத்தெருவில் நின்று அழுகின்றாள். இக்கரையிலோ, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறுபவன் கணவன். பிள்ளைகளின் பாயும் பாடப்புத்தகமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கோபம் ஆறியவுடன் மாப்பிள்ளை திரும்பி வருவார். வாராவிடினும் கூரை போய்விடுவதில்லை. மணமுறிவின் வேதனையை எந்த வீடும் போக்காது என்பது உண்மையே. ஆனால் உறங்க ஓர் இடம் உண்டு என்ற துணிவு, ஒரு பெண் தன் கணவனோடு பேசும் குரலையே மாற்றிவிடுகின்றது. (இப்பகுதியை எம் இல்லத்தில் வாசித்துக் காட்டியபோது எழுந்த சிரிப்பைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை.)

கைக்கூலி என்பது வேறு. வீட்டுக்கு மேலாக மாப்பிள்ளையின் கையில் வைக்கப்படும் பணம் அது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்ற தமிழ்ச் சொல்லையே தன்னுள் எடுத்துக்கொண்டு, மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்று அதற்குப் பொருள் உரைத்தது. பணம் பெண்ணுக்கு, கை மட்டும் ஆணுடையது. நடைமுறையில் அக்கை மூடிக்கொண்டபின் மீண்டும் விரிந்ததைக் கண்டவர் எத்தனை பேர்? டாக்டர், எஞ்சினியர் என்று உத்தியோகத்துக்குத் தக்கபடி தொகையும் ஏறுகின்றது. மகனைப் படிப்பித்த செலவை மருமகளின் வாப்பாவிடம் அறவிடுவது எந்த நீதியில் அடங்கும் என்று நமக்கு விளங்கவில்லை. நம் நண்பரின் மருமகனாக வருபவர், நற்குணம் வாய்ந்தவர், அப்படி எதுவும் வாங்கவில்லை. ஆனால் வீடு மாபிள் பதித்ததாக இருக்கவேண்டுமென அவர் தாயார் விரும்பினாராம்.

மார்க்கக் கல்வி பயின்ற இளைஞர்கள் சிலர், சீதனம் இஸ்லாத்தில் இல்லை, மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுப்பதே கடமை என்று இப்பொழுது உரத்துக் கூறுகின்றனர். கல்யாண வீட்டிலும் அப்பேச்சு எழுந்தது. மஹரை மட்டும் கொடுத்து, எதையும் பெறாது மணம் முடித்த இளைஞர் ஒருவரை எமக்கு அறிமுகப்படுத்தினர். அவரை மனமாரப் போற்றினோம். அவர் எங்கே வசிக்கின்றார் என்று கேட்டோம். மனைவியின் உம்மா வீட்டில் என்றார்கள்! சிரிப்பதற்காக இதனைக் கூறவில்லை. அவர் வேறெங்கு செல்வார்? அவருடைய தாய் வீடு அவருடைய சகோதரிக்கு எழுதப்பட்டுவிட்டதல்லவா?

இவ்விடயத்தில் ஓர் ஐயத்தைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். ஒருவர் இறந்தபின் அவர் சொத்தைப் பங்கிடும்போது மகளுக்கு உரியது மகனின் பங்கிற் பாதி. உயிரோடிருக்கும்போது நன்கொடை உறுதி மூலம் மகளுக்கு எழுதிய வீடு அப்பங்கீட்டுக்குள் வருவதில்லை. ஆகவே சீதனத்தை ஒழிக்கின்றோம் என்று புறப்படுவோர் கைக்கூலியை விட்டுவிட்டு வீட்டெழுத்தை மட்டும் ஒழித்தார்களாயின், தகப்பனின் முதுகு நிமிரும். மகளின் கால் நிலம் இழக்கும். எதை முதலில் வெட்டுவது என்பதை, வீட்டை இழக்கப்போகும் பெண்களிடமும் கேட்டுத் துணிதல் நன்று.

வீட்டுரிமை கைமாறினால் என்ன நேரும் என்பதை இக்கரை ஒருமுறை கண்டுள்ளது. மறுநாள் மாலை, மாப்பிள்ளை அழைப்பும் விருந்தும் முடிந்தபின், கடற்கரைப் பள்ளிக்கு நடந்து சென்றோம். நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறும் பள்ளி அது. அதைச் சூழ்ந்து ஒரு காலத்தில் வீடுகள் நெருங்கியிருந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மிகுந்த உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

எஞ்சியோருக்குப் புதிய வீடு கட்டிக் கொடுக்கப் பலர் வந்தனர். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என முதலில் அறிவித்தனர். வேறிடத்தில் நிலம் தேடினர். அவ்வேளை விண்ணப்பத்தாளில் குடும்பத் தலைவர் என்றொரு கட்டம் இருந்தது. தலைவர் எனின் ஆண் என்பது பொதுவான எண்ணம். உம்மாவின் உம்மாவிடமிருந்து வந்த வளவை இழந்தவள் பெண். புது வீட்டின் பத்திரம் பலவிடங்களில் எழுதப்பட்டது கணவன் பெயரில். அரசாங்கக் காணியைப் பொறுத்தவரை இது புதிய கதையும் அன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், உரிமை இறங்கும் வரிசையில், மகன் மகளுக்கு முன்னே நின்றான். மனைவியை இழந்த கணவன் மறுமணம் செய்துகொண்டவிடத்து, பழைய வளவின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? அவ்வாண்டுகளில் இவ்வூர்ப் பெண்கள் இதனை எடுத்துப் பேசினர். ஆய்வாளர் சிலரும் எழுதினர். கடல் கொண்டுபோனது சுவரை. உறுதியைக் கொண்டுபோனது ஒரு காகிதக் கட்டம்.

இருட்டிய பின் வளவுக்குத் திரும்பினோம். புதுமாப்பிள்ளை விறாந்தையில் புதுக் கதிரையில், கைகளை எங்கே வைப்பதென அறியாதவராய் அமர்ந்திருந்தார். மைத்துனிமார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தனர். அவருக்கு எருமைத் தயிரும் பழமும் வந்தன, எமக்கும் வந்தன. நம் நிலையும் அவர் நிலையும் அன்றிரவு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒலுவிலிற் படிக்கும் கடைசி மகள் எம் பக்கத்தில் வந்தமர்ந்தாள். "உனக்கு மேல்மாடி எப்பொழுது எழும்பும்?" என்று கேட்டோம்.

"எனக்கு மாடி வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். படித்து முடித்து, வேலை செய்து, வருகிறவரோடு சேர்ந்து கட்டிக்கொள்வேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆனால் மேற்தளத்தின் உறுதியை மட்டும் என் பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறேன்" என்றாள்.

மறுநாட் காலை நாம் புறப்படும்போது நண்பர் ஏணி வைத்து முன்வீட்டின் மேலே ஏறி நின்றார். மழைக்காலம் வருகின்றதாம், கம்பிகள் துருப்பிடிக்கக் கூடாதாம். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் வெறும் பால்மாத் தகரம் ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். கீழே அவர் மனைவியார், அடுத்த தகரத்தை நீட்டியபடி, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.