முதலில் திறந்தவர் யார்?

நீலத் திரையில் பிட்லொக்கர் ரிகவரி கீ கேட்டு நிற்கும் லெப்டொப்போடு யாராவது கடைக்கு வந்தால், மெஷினைத் தொடுவதற்கு முன் ஆளிடம் பேசிவிடுவேன். "இதை மொதல்ல செட் பண்ணிக் குடுத்தது யாரு அக்கா? வேற யாரும் கழட்டினாங்களா?" பதுளையில் இந்த வேலையில் பாதி அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடும்.

பிட்லொக்கர் விண்டோஸ் கணினியின் டிரைவைப் பூட்டிவைக்கிறது. அதைத் திறக்கும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பின் காவலில் இருக்கிறது. பயோஸ் அப்டேட், செக்யூர் பூட் மாற்றம், புது மதர்போர்ட் என்று எது நடந்தாலும் சிப் சாவியைத் தர மறுக்கலாம். 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் பல கணினிகள் இப்படி நின்றன. ஆகவே "நான் ஒண்ணுமே செய்யலையே தம்பி" என்பவரை நம்புகிறேன். மாறிய செட்டிங்கைப் பழையபடி வைத்தாலே சில மெஷின்கள் கீ கேட்காமல் திறந்துவிடும்.

மற்றவற்றுக்கு 48 இலக்கக் கீ வேண்டும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபடும். போனில் சொல்லக் கேட்டு எழுதிய கீயில் ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், வகுத்துப் பார்த்தால் பிழையான தொகுதி தெரிந்துவிடும். எத்தனையோ பேருக்கு இந்தக் கணக்கு கைகொடுத்திருக்கிறது.

வீட்டுக் கணினியின் கீ பெரும்பாலும் அதில் முதலில் நுழைந்த மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி அந்தக் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் என்கிரிப்ஷன் தானாகவே ஏறிவிடுகிறது. பாவிப்பவருக்கே தெரியாது. எங்கள் பக்கம் அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் சிக்கல். பசறைத் தோட்டத்துப் பிள்ளைக்கு லெப்டொப் அனுப்பியவர் கட்டாரில் இருக்கும் மாமா. செட் பண்ணியவர் கொழும்பில் வேலை செய்யும் அண்ணன். ஈமெயில் திறந்தது கொமியூனிகேஷன் கடைப் பையன், தன் போன் நம்பரைக் கொடுத்து. ஒவ்வொருவரையும் அழைத்து, திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை வாசித்து ஒப்பிடச் சொல்வேன். ஏனென்றால் பழைய மெஷின்களின் கீகளும் அதே கணக்கில் கிடக்கும்.

கீயே கிடைக்காவிட்டால் அந்தத் தரவை மீட்க என்னிடம் வழியில்லை. உடைத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அப்போதும் ஃபோர்மெட் செய்ய நான் சம்மதிப்பதில்லை. உள்ளே உயர்தர மாணவியின் குறிப்புகளும் இறந்துபோன பாட்டியின் படங்களும் இருக்கின்றன. டிரைவைக் கழற்றி, கீ ஐடியை மேலே எழுதி, உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, புது டிரைவ் போட்டுத் தருவேன். மாமா லீவில் வரும்போது அவருடைய பழைய போனில் அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கக்கூடும்.